குட்டி என்ன நிறத்தில் பிறக்கும்? குதிரை வளர்ப்போர் கேட்கும் கேள்விகள்

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகையில் குதிரைச் சந்தை கூடும். ஒரு குதிரையின் முன் வந்து நிற்பவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழியைத் தேடுவார், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார். நிறத்தை மட்டும் ஆராய மாட்டார். அதுதான் நூறடி தூரத்திலேயே தெரிந்துவிட்டதே என்று நினைப்பார். சவாரிக்கு வாங்குகிறவருக்கு அது சரி. குட்டி எடுக்க வாங்குகிறவர் அங்கேதான் ஏமாறுகிறார். தோலின் மேல் தெரிகிற நிறம் ஒன்றாகவும், அந்தக் குதிரை தன் குட்டிக்குக் கொடுக்கப்போகிற நிறம் வேறாகவும் இருக்கலாம். சில ஆண்டுகளாக நான்கைந்து குதிரைகளை வைத்துக் குட்டி எடுத்துவருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றுக்கான பதில்களை, நான் காசைத் தொலைத்துக் கற்றுக்கொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வெள்ளை ஆணும் கருப்புப் பெட்டையும் சேர்ந்தால் சாம்பல் குட்டிதானே பிறக்கும்?

இது பெயிண்ட் டப்பாக் கணக்கு. குதிரைக்குச் செல்லாது.

குதிரையின் மயிரில் இருப்பவை இரண்டே நிறமிகள்: ஒன்று கருப்பு, மற்றது சிவப்பு. மீதி எல்லா நிறங்களும் இந்த இரண்டில் எது எங்கே வரும், எவ்வளவு வெளுக்கும், எங்கே வராமலே போகும் என்பதைப் பொறுத்தவை. இதைத் தீர்மானிக்கும் மரபணு ஒவ்வொன்றும் குதிரையின் உடலில் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தகப்பன் கொடுத்தது, மற்றது தாய் கொடுத்தது. அந்தக் குதிரை தன் குட்டிக்கு இந்த இரண்டில் ஏதோ ஒன்றை மட்டும் கொடுக்கும். எதைக் கொடுக்கும் என்பது ஒவ்வொரு குட்டிக்கும் புதிதாக நாணயம் சுண்டுவதைப் போன்றது.

சீட்டுக்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எத்தனை முறை கலைத்தாலும் சிவப்புச் சீட்டும் கருப்புச் சீட்டும் ஒன்றோடொன்று கரைந்து பழுப்புச் சீட்டு ஆகிவிடாது. கையில் மறைந்திருந்த சீட்டு நாலு தலைமுறை கழித்துக்கூட அப்படியே புதிதாக வெளியே வரும். ‘இந்த நிறம் எங்கிருந்து வந்தது, எங்கள் லாயத்தில் யாருக்குமே இல்லையே’ என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: உங்கள் லாயத்தில்தான் இருந்தது, குப்புறக் கிடந்தது.

அடிப்படை நிறங்கள் எத்தனை?

மூன்று. செவலை, கருப்பு, குமேத்.

செவலை என்றால் உடல், பிடரி, வால், கால் எல்லாமே சிவப்புச் சாயலில் இருப்பது. பிடரி சில சமயம் வெளிறியிருக்கும், ஆனால் கருப்பாக இருக்காது. குமேத் என்பது வடக்கத்தி வியாபாரிகளின் சொல். உடல் செம்பழுப்பு, பிடரியும் வாலும் காலின் கீழ்ப்பகுதியும் கருப்பு. ஆங்கிலப் பதிவேடுகளில் ‘பே’ என்று எழுதியிருப்பது இதைத்தான். கருப்பை அவர்கள் முஷ்கி என்பார்கள், செவலையைச் சுரங் என்பார்கள்.

இந்த மூன்றையும் இரண்டு மரபணுக்கள் தீர்மானிக்கின்றன. முதலாவதன் பெயர் எக்ஸ்டென்ஷன். மரபணுச் சோதனைச் சீட்டில் இது ஈ (E) என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும். பெரிய ஈ (E) இருந்தால் உடலால் கருப்பு நிறமியைச் செய்ய முடியும். சின்ன ஈ (e) இரண்டு சேர்ந்துவிட்டால் முடியாது, குதிரை செவலைதான். பெரிய ஈ ஒன்று போதும், அது சின்ன ஈயை மறைத்துவிடும். பள்ளியில் ஓங்கு, ஒடுங்கு என்று மெண்டலின் பட்டாணியை வைத்துப் படித்தோமே, அதேதான்.

இரண்டாவது அகூட்டி. இதன் எழுத்து ஏ (A). இது கருப்பை உண்டாக்காது. இருக்கிற கருப்பைப் பிடரிக்கும் வாலுக்கும் காலுக்கும் ஒதுக்கிவிடும். பெரிய ஏ ஒன்று இருந்தாலும் குதிரை குமேத். இரண்டும் சின்ன ஏ என்றால் கருப்பு உடம்பு முழுக்கப் பரவிவிடும்.

இங்கே நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. செவலைக் குதிரையிடம் கருப்பே கிடையாது. எனவே அதன் அகூட்டிக்கு வேலை இல்லை. ஆனால் மரபணு உள்ளே இருக்கத்தான் செய்கிறது. இரண்டு பெரிய ஏ வைத்திருக்கும் செவலையும், ஒன்றுகூட இல்லாத செவலையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். குட்டி பிறக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

இரண்டு செவலைக்குக் கருப்புக் குட்டி பிறக்குமா?

பிறக்காது. இரண்டு பக்கமும் சின்ன ஈ மட்டுமே இருக்கும்போது பெரிய ஈ எங்கிருந்து வரும்? இங்கிலாந்தின் சஃபோக் பஞ்ச் என்ற பாரமிழுக்கும் குதிரை இனத்தில் செவலையைத் தவிர வேறு நிறமே கிடையாது. பல தலைமுறைகளாகச் செவலைக்குச் செவலை, ஒரு பிசகும் இல்லை.

அப்படியும் ஒருவர் கருப்புக் குட்டியைக் காட்டினால் இரண்டு சாத்தியங்கள். ஒன்று, பெற்றோரில் ஒன்றோ குட்டியோ சரியாக அடையாளம் காணப்படவில்லை. ஈரல் நிறத்தில் அடர்ந்த செவலைகள் உண்டு, அவை நிழலில் நின்றால் கருப்பாகவே தெரியும். வெயிலில் பிடரியைப் பிரித்துப் பார்த்தால் சிவப்பு தெரிந்துவிடும். இன்னொன்று, தகப்பன் வேறு. வேலியைத் தாண்டி வந்துபோன குதிரையை யாரும் பதிவேட்டில் எழுதுவதில்லை.

எனக்குக் கருப்புக் குட்டிதான் வேண்டும். எப்படிச் சேர்க்கலாம்?

கருப்போடு கருப்பைச் சேருங்கள். குமேத் ஒருநாளும் வராது, ஏனென்றால் இருவரிடமும் பெரிய ஏ இல்லை. செவலை வரலாம். இருவருமே சின்ன ஈ ஒன்றை மறைத்து வைத்திருந்தால் நான்கில் ஒரு பங்கு செவலைக்கு வாய்ப்பு. ஒருவர் இரண்டு பெரிய ஈ உடையவர் என்று சோதனையில் தெரிந்துவிட்டால் அந்தக் கவலையும் போய்விடும். நெதர்லாந்தின் ஃப்ரீசியன் இனம் கருப்புக்கே பெயர்போனது. அங்கேகூடச் சின்ன ஈ பல காலம் மறைந்திருந்து அவ்வப்போது செவலைக் குட்டிகளைக் கொடுத்துக்கொண்டிருந்தது. சோதனை வந்த பிறகுதான் பொலிகுதிரைகளில் அதைக் களைய முடிந்தது.

வீட்டில் இருப்பது செவலைப் பெட்டை, பொலிகுதிரை மட்டும் இரண்டு பெரிய ஈ உடைய கருப்பு என்றால் எல்லாம் அந்தப் பெட்டையின் மறைந்த அகூட்டியைப் பொறுத்தது. அவளிடம் பெரிய ஏ இரண்டு இருந்தால் பத்துக் குட்டி எடுத்தாலும் பத்தும் குமேத். ஒன்று இருந்தால் பாதிக்குப் பாதி. இரண்டும் சின்ன ஏ என்றால் அத்தனையும் கருப்பு. மூன்று செவலைப் பெட்டைகள் அருகருகே நின்றால் எது எது என்று எந்தச் சாஸ்திரக்காரராலும் சொல்ல முடியாது. பிடுங்கிச் சோதனைக்கு அனுப்பிய மயிர் சொல்லிவிடும்.

இரண்டு குமேத்துகளைச் சேர்த்தும் கருப்பு கிடைக்கலாம். இருவரிடமும் சின்ன ஈ ஒன்று, சின்ன ஏ ஒன்று இருந்தால் 16க்கு 9 குமேத், 3 கருப்பு, 4 செவலை என்பது கணக்கு. 16க்கு 3 என்பதை நம்பி யாரும் பெட்டையைச் சினைப்படுத்த மாட்டார்கள்.

இன்னொரு செய்தி. ராஜஸ்தானில் மார்வாரி இனக் குதிரை வளர்ப்பவர்கள் பலர் கருப்பை ராசியில்லாத நிறமாக ஒதுக்குவார்கள். நம் பக்கத்தில் அதே கருப்புக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள். ராசியும் ஊருக்கு ஊர் மாறும் சரக்குதான் போலிருக்கிறது.

பொன்னிறத்தோடு பொன்னிறத்தைச் சேர்த்தால் பொன்னிறக் குட்டி நிச்சயமா?

இல்லை. எத்தனை முறை சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள்.

பொன்னிற உடலும் வெள்ளைப் பிடரியும் கொண்ட குதிரையைப் பாலோமினோ என்கிறோம். அது இனத்தின் பெயர் இல்லை, நிறத்தின் பெயர். அடியில் இருப்பது செவலை. அதன்மேல் கிரீம் என்ற மரபணுவின் ஒரு பிரதி உட்கார்ந்து சிவப்பை வெளுக்கவைத்திருக்கிறது. ஒரு பிரதி என்பதுதான் முக்கியம். இரண்டு பிரதி வந்துவிட்டால் பொன் போய், தந்தம் போன்ற வெளிறிய நிறம் வந்துவிடும். தோல் இளஞ்சிவப்பு, கண் நீலம். அதற்குக் கிரிமெல்லோ என்று பெயர்.

ஆகவே பாலோமினோவோடு பாலோமினோவைச் சேர்த்தால் நான்கில் இரண்டு பங்கு பாலோமினோ, ஒரு பங்கு செவலை, ஒரு பங்கு கிரிமெல்லோ. பாலோமினோவோடு செவலையைச் சேர்த்தாலும் அதே பாதி வாய்ப்புதான். அப்படியிருக்க, பாலோமினோ ஆணைத் தேடி ஊர் ஊராக அலைந்து என்ன லாபம்?

நூற்றுக்கு நூறு பாலோமினோ வேண்டுமென்றால் ஒரே ஒரு சேர்க்கைதான் இருக்கிறது: கிரிமெல்லோவும் செவலையும். கிரிமெல்லோ ஒரு கிரீமைக் கொடுத்தே தீரும், செவலையிடம் கிரீம் கிடையாது, இருவரும் சின்ன ஈ மட்டுமே கொடுப்பார்கள். அழகில்லை என்று பலர் ஒதுக்கும் அந்த வெளிறிய குதிரையிடம்தான் பொன்னிறத்தின் சாவி இருக்கிறது.

அதே கிரிமெல்லோவைக் கருப்பின்மேலோ குமேத்தின்மேலோ விட்டுவிட்டுப் பொன்னிறம் எதிர்பார்க்காதீர்கள். குமேத் உடலில் ஒரு கிரீம் வந்தால் உடல் மட்டும் பொன்னாகி, பிடரியும் வாலும் கருப்பாகவே நிற்கும், இது பக்ஸ்கின். கருப்பில் ஒரு கிரீம் வந்தாலோ கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. ஒரு பிரதி கிரீம் சிவப்பைத்தான் வெளுக்கும், கருப்பை அவ்வளவாகத் தொடாது. இப்படிப்பட்ட குதிரை கருப்பு என்ற பெயரிலேயே வாழ்ந்து, ஒருநாள் செவலையோடு சேர்ந்து பொன்னிறக் குட்டியைக் கொடுத்து ஊரையே வாய்பிளக்க வைக்கும்.

நீலக்கண் வெள்ளைக் குதிரை அல்பினோவா? நுக்ரா என்பது என்ன?

குதிரைகளில் உண்மையான அல்பினோ இதுவரை கண்டறியப்படவில்லை. நுக்ரா என்பது பஞ்சாப், சிந்துப் பக்கத்தில் வெள்ளைக் குதிரைக்கு வழங்கும் சொல். நம் ஊர்க் கல்யாண ஊர்வலங்களிலும் கோயில் விழாக்களிலும் மவுசு அதற்குத்தான். ஆனால் நுக்ரா என்பது பார்வைக்கான பெயர். வெள்ளையாகத் தெரிவதற்கு மூன்று வேறு வழிகள் இருக்கின்றன, மூன்றுக்கும் குட்டிக் கணக்கு வேறு.

வாங்கும் முன் மூக்கு நுனியையும் கண்ணையும் பாருங்கள். மூக்கும் கண்ணோரமும் கருந்தோலாக இருந்தால் அது நரைத்த குதிரை. பிறக்கும்போது வேறு நிறத்தில் இருந்தது. தோல் இளஞ்சிவப்பு, கண் நீலம், மயிரில் லேசான தந்தச் சாயல் என்றால் இரண்டு கிரீம் சேர்ந்தது. தோல் இளஞ்சிவப்பாக இருந்து, மயிர் பால் வெள்ளையாக, கண் கருவிழியாக இருந்தால் கிட் என்ற மரபணுவில் ஏற்பட்ட மாற்றமாக இருக்க வாய்ப்பு அதிகம். கிட் மரபணுவில் இப்படி வெள்ளையைத் தரும் மாற்றங்கள் 30க்கு மேல் கண்டறியப்பட்டிருக்கின்றன. அவற்றில் சிலவற்றை இரண்டு பிரதியாகப் பெற்ற கரு வயிற்றிலேயே நின்றுவிடும் என்று கருதப்படுகிறது. வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்து, பெட்டை சினை பிடிக்கவில்லை என்று மருந்து தேடுகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இளஞ்சிவப்புத் தோல் நம் வெயிலுக்கு ஆகாது. சித்திரை, வைகாசியில் மூக்கு நுனி புண்ணாகிவிடும். நிழல் இல்லாத இடத்தில் இந்தக் குதிரைகளைக் கட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

கருப்பாகப் பிறந்த குட்டி வெளுத்துக்கொண்டே போகிறது. நோயா, தீவனக் குறையா?

இரண்டும் இல்லை, நரை. இந்தக் கேள்விக்கு என்னைவிடத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டார்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெட்டைக் குட்டியை வாங்கினேன். பிறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. காக்கையின் இறகு போல மினுமினுக்கும் கருப்பு. அந்தக் கருப்புக்காகவே கேட்ட விலையைக் கொடுத்தேன். தாய் வெள்ளை. தகப்பன் கருப்பு என்று காட்டினார்கள். ‘குட்டி தகப்பனைக் கொண்டுவிட்டது’ என்றார் விற்றவர். நானும் தலையாட்டினேன். நாலாம் மாதம் குட்டிமயிர் உதிரத் தொடங்கியது. தேய்த்துக் குளிப்பாட்டும்போது பார்க்கிறேன், இரண்டு கண்ணையும் சுற்றி வெள்ளை மயிர், மூக்குக்கண்ணாடி மாட்டியதுபோல ஒரு வளையம். அடுத்த ஆண்டு உடல் இரும்புத்துகள் நிறம். பிறகு வட்டவட்டமாகச் சாம்பல் புள்ளிகள். இன்று பார்ப்பவர்கள் அவளை வெள்ளைக் குதிரை என்கிறார்கள்.

அன்றைக்குத் தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. அசல் கருப்புக் குட்டி பெரும்பாலும் பளபளக்கும் கருப்பாகப் பிறப்பதில்லை. எலி நிறத்தில், புகைபடிந்தாற்போலப் பிறந்து, குட்டிமயிர் உதிர்ந்த பிறகு கருக்கும். பிறக்கும்போதே அடர்ந்த நிறத்தோடு வந்து, பெற்றோரில் ஒன்று நரைத்ததாக இருந்தால் கண்ணோரத்தை உற்றுப் பாருங்கள். இரண்டாவது, நரை மரபணு ஓங்குத்தன்மை உடையது. ஒரு பிரதி இருந்தாலே போதும், அடியில் செவலையோ கருப்போ பொன்னோ எதுவாக இருந்தாலும் காலப்போக்கில் தின்றுவிடும். அது தலைமுறை தாண்டி ஒளிந்து வராது. நரைத்த குதிரைக்குக் குறைந்தது ஒரு பெற்றோராவது நரை உடையதாக இருந்தே ஆக வேண்டும்.

காங்கேயம் கன்று செந்நிறத்தில் பிறந்து ஆறு மாத வாக்கில் மயிலையாக மாறுவதைக் கொங்கு நாட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். குதிரையின் நரையும் அப்படித்தானே என்பார்கள். பார்வைக்கு ஒப்பிடலாம், ஆனால் குதிரையின் நரை பின்னோக்கிப் போகாது. காளை வயதுக்கு வந்ததும் மீண்டும் கருக்கும்; நரைத்த குதிரை அப்படிக் கருப்பதில்லை.

நரைக்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2008இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். டிஎன்ஏவின் ஒரு துண்டு இரட்டித்துப்போயிருக்கிறது, அவ்வளவுதான். 2024இல் இன்னொரு நுணுக்கம் வெளிவந்தது: அந்தத் துண்டு இரண்டாக இருந்தால் மெதுவாக நரைக்கும், மூன்றாக இருந்தால் வேகமாக நரைக்கும், தோல்கட்டி அபாயம் வேகமாக நரைப்பவற்றில்தான் அதிகம்.

தோல்கட்டி என்பது மெலனோமா. 15 வயது தாண்டிய நரைக் குதிரைகளில் 70 முதல் 80 சதவீதத்துக்கு இது வரும். வாலின் அடிப்பகுதி, ஆசனவாயைச் சுற்றி, உதடு, தாடையோரம் ஆகிய இடங்களைத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் மெதுவாகவே வளரும். வேக நரை மரபணுவை இரண்டு பிரதியாகப் பெற்ற குதிரைக்கு நரையும் சீக்கிரம், கட்டியும் அதிகம்.

வெள்ளைக் குட்டியே வேண்டும் என்றால் நரையோடு நரையைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம். வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரைப் பள்ளியில் ஆடும் லிப்பிசானர் இனக் குதிரைகள் அப்படித் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவையும் கருமையாகப் பிறந்து ஆறேழு ஆண்டில் வெளுப்பவைதான். எப்போதாவது நரை மரபணு வராத குமேத் ஒன்று பிறந்தால், அதை அதிர்ஷ்டம் என்று லாயத்தில் வைத்துக்கொள்வது அவர்கள் வழக்கம்.

ஆனால் பொன்னிறம், திட்டு, கருப்பு என்று எதையாவது குறிவைத்துக் குட்டி எடுப்பவர் நரையை லாயத்துக்குள் விடக்கூடாது. பாடுபட்டுச் சேர்த்த நிறத்தை ஐந்தே ஆண்டில் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போய்விடும்.

திட்டுக் குதிரைகளை ஒன்றோடொன்று சேர்ப்பது ஆபத்து என்கிறார்களே?

எந்தத் திட்டு என்பதைப் பொறுத்தது. இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

வடக்கே அப்லக் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடும் திட்டு நிறத்துக்குள் பல மரபணுக்கள் இருக்கின்றன. தோபியானோ என்பது ஒன்று. முதுகைக் கடந்து மேலிருந்து கீழாக இறங்கும் பெரிய வெள்ளைத் திட்டுகள், நான்கு காலும் வெள்ளை, முகம் பெரும்பாலும் நிறத்தோடு. இது ஓங்குத்தன்மை, இரண்டு பிரதி வந்தாலும் குதிரைக்குக் கேடில்லை. இரண்டு பிரதி உடைய பொலிகுதிரை எந்தப் பெட்டைக்கும் திட்டுக் குட்டியே கொடுக்கும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தோபியானோவும் முன்னே சொன்ன ஈ மரபணுவும் மூன்றாம் குரோமோசோமில் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றன, பெரும்பாலும் சேர்ந்தே பயணம் செய்கின்றன. சில கருப்புத் திட்டுப் பொலிகுதிரைகளைச் செவலைப் பெட்டைகளுக்கு விட்டால், திட்டுக் குட்டிகள் பெரும்பாலும் கருப்போ குமேத்தோ ஆகவும், திட்டில்லாத குட்டிகள் பெரும்பாலும் செவலையாகவும் பிறப்பது இதனால்தான். செவலைத் திட்டுக்காகக் காத்திருப்பவர் நெடுங்காலம் காத்திருக்க நேரும்.

அடுத்தது ஃபிரேம். விலாவிலும் கழுத்திலும் கிடைமட்டமாகக் கிழிந்தாற்போன்ற வெள்ளை, முதுகுக்கோடு நிறத்தோடு இருக்கும், முகத்தில் நிறைய வெள்ளை. அமெரிக்க பெயின்ட் குதிரைகளிலும் அவற்றின் உறவினங்களிலும் இது உண்டு. ஒரு பிரதி இருந்தால் அழகு. இரண்டு பிரதி வந்தால் குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும், எழுந்து நிற்கும், பாலும் குடிக்கும். ஆனால் அதன் குடலில் நரம்பு முடிச்சுகள் உருவாகியிருக்காது. குடல் அசையாது. முதல் சாணம் வெளியேறாது. சில மணி நேரத்தில் வயிற்றுவலி தொடங்கி ஓரிரு நாளில் இறந்துவிடும். சிகிச்சை இல்லை. கால்நடை மருத்துவர் செய்யக்கூடியது அந்த வலியை முடித்துவைப்பது மட்டும்.

காரணம் 1998இல் தெரிந்துவிட்டது: ஈடிஎன்ஆர்பி என்ற மரபணுவில் ஒரு சிறு மாற்றம். நிறமிச் செல்களும் குடல் நரம்புச் செல்களும் கருவில் ஒரே இடத்திலிருந்து கிளம்புபவை. அந்தப் பயணம் தடைபட்டால் இரண்டும் போய்ச் சேருவதில்லை. இரு பெற்றோரிடமும் ஒரு பிரதி இருந்தால் நான்கில் ஒரு குட்டிக்கு இந்தக் கதி. மேலே சொன்ன திட்டே இல்லாமல், நெற்றியில் கொஞ்சம் வெள்ளை மட்டும் உள்ள குதிரையும் ஃபிரேமைச் சுமக்கலாம் என்பதால் கண்ணை நம்ப முடியாது. அமெரிக்க இரத்தம் கலந்த குதிரை என்றால் இரண்டு பக்கமும் சோதித்துவிட்டுச் சேருங்கள். ஒரு பக்கம் இல்லை என்று உறுதியானால் போதும், பயமில்லை.

நிறத்தோடு ஒட்டிவரும் வேறு கேடுகளும் இருக்கின்றன. முகம் முழுக்க வெள்ளையும் நீலக்கண்ணும் தரும் ஸ்பிளாஷ் வகையில் சில குதிரைகளுக்குக் காது கேட்காது. கருப்பைச் சாக்லேட் நிறமாக்கிப் பிடரியை வெள்ளியாக்கும் சில்வர் மரபணு இரண்டு பிரதியானால் கண்ணில் கடுமையான பிறவிக் கோளாறுகள் வரும். எகிப்திய அரபுக் குதிரை வம்சங்களில் ஊதா கலந்த வெளிறிய மயிரோடு பிறந்து, எழுந்து நிற்க முடியாமல் வலிப்பில் இறக்கும் குட்டிகள் உண்டு. அது ஒடுங்கு மரபணுவால் வருவது, பெற்றோர் இருவரும் பார்க்க நல்ல குதிரைகளாகவே இருப்பார்கள்.

சிறுத்தைப் புள்ளிக் குதிரைகள்?

அப்பலூசா, நாப்ஸ்ட்ரப் இனங்களின் புள்ளிகள் இவை. பிரான்ஸின் பெஷ் மெர்ல் குகையில் சுமார் 25,000 ஆண்டுகளுக்கு முன் வரைந்த புள்ளிக் குதிரைகளைக் கற்பனை என்றே பலகாலம் நினைத்தார்கள். 2011இல் பழைய எலும்புகளின் டிஎன்ஏவை ஆராய்ந்தபோது, அந்தக் காலத்தில் புள்ளிக் குதிரைகள் நிஜமாகவே இருந்தது தெரியவந்தது. வரைந்தவன் பார்த்துத்தான் வரைந்திருக்கிறான். வளர்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது: இந்த மரபணு இரண்டு பிரதியானால் குதிரைக்கு இரவில் பார்வை இருக்காது.

பஞ்சகல்யாணிக் குட்டிக்கு உத்தரவாதம் தர முடியுமா?

நான்கு காலிலும் முகத்திலும் வெள்ளை அமைந்த குதிரையைப் பஞ்சகல்யாணி என்று கொண்டாடுகிறோம். உத்தரவாதம் தருபவரிடம் குதிரை வாங்காதீர்கள். பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை அது, கருவில் நடக்கும் தற்செயலும் சேர்ந்துகொள்கிறது. ஒரே குதிரையிலிருந்து நகலெடுத்த குளோன் குட்டிகளுக்கே கால் வெள்ளை ஒன்றுபோல அமைவதில்லை. வாய்ப்பைக் கூட்டலாம்: பெற்றோர் இருவருக்கும் தாராளமான வெள்ளை இருக்கட்டும். குமேத்தைவிடச் செவலையில் வெள்ளை சற்று அதிகமாக ஏறும்.

முன்பு வேறு ஆணோடு சேர்ந்த பெட்டை என்றால் அந்த நிறம் பின்னால் வருமாமே?

வராது. ஆனால் இதை நம்பியதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம், டார்வினே நம்பினார். மார்ட்டன் பிரபு என்ற ஸ்காட்லாந்துக்காரர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய ஒரு செய்தி 1821இல் வெளிவந்தது. செவலை அரபுப் பெட்டை ஒன்றை அவர் குவாக்காவோடு (இப்போது அழிந்துவிட்ட வரிக்குதிரை வகை) சேர்த்திருந்தார். பிறகு அதே பெட்டை ஒரு கருப்பு அரபு ஆணுக்கு ஈன்ற குட்டிகளின் காலில் வரிகள் இருந்தன. முதல் ஆணின் தடம் வயிற்றில் தங்கிவிட்டது என்று நூற்றாண்டு முழுக்கப் பேசினார்கள். 1890களில் எவார்ட் என்ற விலங்கியல் பேராசிரியர் வரிக்குதிரையையும் குதிரைப் பெட்டைகளையும் வைத்துச் சோதித்து, அப்படி எதுவும் இல்லை என்று காட்டினார்.

காலில் வரி வருவதற்கு வரிக்குதிரை தேவையில்லை. டன் என்ற பழைய மரபணு முதுகில் கருங்கோட்டையும் காலில் வரிகளையும் தரும். குஜராத்தின் கத்தியவாடி குதிரைகளில் இதை நிறையப் பார்க்கலாம்.

சுழிக்கும் நிறத்துக்கும் தொடர்பு உண்டா? தீவனம் மாற்றினால் நிறம் மாறுமா?

முதலாவதற்கு, இல்லை. இரண்டாவதற்கு, மினுமினுப்பு மாறும், வெயிலில் கருப்பு சற்றுச் செம்பட்டையாகும். மரபணு மாறாது.

சோதனைக்கு என்ன அனுப்ப வேண்டும்?

பிடரியிலிருந்தோ வாலிலிருந்தோ 20, 30 மயிர். வெட்டக்கூடாது, பிடுங்க வேண்டும். டிஎன்ஏ இருப்பது வேர் முடிச்சில். விரலில் நாலைந்து மயிரைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் வேரோடு வரும், வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் நுனியில் கடுகளவில் பாதிகூட இல்லாத வெள்ளை முடிச்சு தெரியும். காய்ந்த காகித உறையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் வியர்த்துப் பூஞ்சை பிடித்துவிடும். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கால்நடை மரபியல் ஆய்வகம் இதில் பெயர்பெற்றது. எல்லாவற்றையும் சோதிக்க வேண்டியதில்லை. நீங்கள் குறிவைக்கும் நிறத்துக்கு எந்தச் சீட்டு மறைந்திருக்கலாமோ அதை மட்டும் கேளுங்கள்: கருப்புக்கு ஈயும் ஏயும், பொன்னுக்குக் கிரீம், திட்டுக்கு ஃபிரேம்.

பாதி வாய்ப்பு என்றார்கள். மூன்று குட்டி ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. கணக்கு தப்பா?

கணக்கு சரிதான். பாதி வாய்ப்பு மூன்று முறையும் கைவிடுவதற்கு எட்டில் ஒரு பங்கு இடமிருக்கிறது. நான்காவது குட்டிக்கும் அதே பாதிதான். முன்பு வரவில்லை என்பதற்காக இப்போது கூடிவராது. பெட்டையின் சினைக்காலம் பதினொரு மாதம், வருடத்துக்கு ஒரு குட்டி. மூன்று முறை தோற்றவர் மூன்று வருடத்தைத் தோற்றிருக்கிறார். அவர் புலம்புவதைக் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

குட்டியின் நிறத்தை எந்த வயதில் நம்பலாம்?

மூன்று நான்கு மாதத்தில் குட்டிமயிர் உதிர்ந்த பிறகு. அதுவரை காலின் நிறத்தை நம்பாதீர்கள். குமேத் குட்டியின் கால்கள் வெளிறியிருந்து பிறகுதான் கருக்கும். பெற்றோரில் நரை இருந்தால் ஒரு வருடம்கூடப் பொறுக்க வேண்டியிருக்கும்.

மேலே சொன்ன என் கருப்புக்குட்டி, அதாவது இன்றைய வெள்ளைப் பெட்டை, இந்த முறை குமேத் ஆணுக்கு ஒரு செவலைக் குட்டி ஈன்றிருக்கிறாள். தாயிடம் நரை ஒரு பிரதி, தகப்பனிடம் இல்லை, பாதிக்குப் பாதி. குட்டிக்கு இரண்டரை மாதம் ஆகிறது. காலையில் தண்ணீர் காட்டும்போது கண்ணோரத்தைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. நேற்று இடது இமைக்கு மேல் இரண்டு வெள்ளை மயிர் தெரிந்தன. தவிடு ஒட்டியிருக்கும் என்று ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.